சண்டிலிப்பாய்க்குக் கட்டிப்போன வேட்டி

1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பத்தாந் தேதி, சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். மழையில்லை, வானத்தில் ஒரு முகில்கூட இல்லை, சோளகக் காற்று மட்டும் இரவு முழுவதும் அடித்தும் களைக்காமல் எங்கள் இணுவில் வீட்டுக் கிடுகு வேலியைச் சரசரவென்று உலுப்பிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில், கஞ்சியும் நீலமும் மணக்கும் புது வேட்டியொன்றை விரித்து, சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் சுற்றினேன். எனக்குப் பதினைந்து வயது. போகிற இடம் காரைநகர்க் கடற்கரை. போகிற காரியம் என்று ஒன்றுமில்லை. சைக்கிள் ஓடிப்போய், கடலில் குளித்து, திரும்பி வருவது, அவ்வளவுதான்.

இதற்கு எங்கள் பக்கத்தில் "சும்மா ஓடுறது" என்று பெயர். யாரும் சைக்கிளில் சும்மா ஓடாத காலம் அது. மரக்கறி கட்டிச் சந்தைக்குப் போகிறவர் சாரம் கட்டியிருப்பார். பள்ளிக்கூடம் போகும் வாத்தியார் வேட்டியும் "சேட்டும்". கந்தோருக்கு உத்தியோகம் பார்க்கப் போகிறவர் நீளக் களிசான் போட்டுக் கணுக்காலில் கிளிப் மாட்டியிருப்பார். தெருவில் நிற்கிறவர்கள் ஒருவருடைய உடுப்பைப் பார்த்தே அவர் எங்கே, எதற்குப் போகிறார் என்று சொல்லிவிடுவார்கள். சும்மா ஓடுகிறவனுக்கு உரிய உடுப்பு எது என்று மட்டும் எவருக்கும் தெரியாது. அம்மாவைக் கேட்டபோது, "சும்மா ஓடுறதுக்கு உடுப்பு என்னத்துக்கு? நிக்கிற கோலத்தோடை போவன்" என்றா.

நான் அப்படிப் போகிறவனல்ல. மூன்று நாள் யோசித்தேன். அப்பா கொழும்பில் வேலையாக இருந்ததால் அவருடைய சைக்கிள் என் கையில் இருந்தது. அதற்குச் செயின் கவர் இல்லை. சாரம் கட்டினால் செயின் இழுக்கும். அதற்கு முந்திய கிழமைதான் என் கூட்டாளி பரமுவின் சாரத்தை மருதனார்மடச் சந்தியில் வைத்துச் செயின் கவ்வி, அவன் ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றிருந்தான். அரைக் களிசான் போடுகிற வயது தாண்டிவிட்டது. நீளக் களிசான் பள்ளிக்கூடத்துக்கென்று ஒன்றுதான், அதுவும் வெள்ளை. "அதை உப்புத்தண்ணியிலை தோய்ச்சுக்கொண்டு வா, பள்ளிக்கூடம் துடங்க நீ கோவணத்தோடை போகலாம்" என்று அம்மா முன்னரே சொல்லிவிட்டா. மிஞ்சியது, வருடப் பிறப்புக்கு அப்பா எடுத்துத் தந்த வேட்டி. மடித்துக் கட்டினால் செயினுக்குக் கிட்ட ஒன்றும் தொங்காது. சேட் போட்டால் வேர்வையில் ஊறிவிடும், ஆகவே சேட் வேண்டாம். தலை துவட்ட ஒரு சால்வை போதும், ஓடும்போது அதை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். பரமுவையும் அதேமாதிரி வரச் சொன்னேன்.

"ஏன்ரா, பொம்பிளை பாக்கவோ போறம்?" என்றான் அவன்.

"ரெண்டு பேரும் ஒரேமாதிரி உடுத்தால்தான் பயணம் மாதிரி இருக்கும்" என்றேன்.

அவனுக்குச் சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. காரைநகருக்குப் போகிற வழியில் சண்டிலிப்பாய் வரும். சண்டிலிப்பாயில் பொன்னம்மாச் சின்னம்மா இருந்தா.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. அம்மாவுக்குத் "தொய்வு" வருத்தம். காற்று மாறினால் மூச்சு இழுக்கும். ஆகையால் ஒன்பது வயதுவரை என்னைக் குளிப்பாட்டி, தலை இழுத்து, அரைக் களிசானுக்கு நாடா கட்டிவிட்டது எல்லாம் சின்னம்மாதான். நாடாவைக் கட்டிக்கொண்டே, "நீ எப்ப வேட்டி கட்டி ஆம்பிளையாகிறது, நான் எப்ப பாக்கிறது?" என்று கேலி செய்வா. அவவைச் சண்டிலிப்பாயில் கலியாணம் செய்துகொடுத்த அதே வருடத்தில், தோட்டக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று அக்காவும் தங்கையும் பிரச்சினைப்பட்டார்கள். ஆறு வருடமாகக் கதை பேச்சு இல்லை. கலியாணவீடுகளில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பகலில் சின்னம்மாவின் பெயரை யாராவது எடுத்தால் அம்மா எழும்பிப் போய்விடுவா. ஆனால் தொய்வு வந்த இரவுகளில், பாயில் குந்தியிருந்து மூச்சுக்குத் தவிக்கும்போது, "பொன்னு நிண்டாளெண்டால் முதுகைத் தடவிவிடுவாள்" என்று அவவின் வாயிலிருந்தே வரும். இந்த இரண்டு பேரும் மறுபடி கதைக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்குப் பெரிய ஆசை வேறு இருந்ததாக நினைவில்லை. வேட்டியோடு போய் நின்றால் சின்னம்மா சிரிப்பா, உள்ளே கூப்பிடுவா, அம்மாவுக்கென்று ஏதாவது பலகாரம் தந்துவிடுவா, அதை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அதற்கு முந்திய இரவும் அம்மாவுக்கு இழுப்பு. நாலு மணிக்குத்தான் கண்ணயர்ந்தா. அவவை எழுப்பாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அதனால் என் கோலத்தை வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. தெருவில் பரமு அதே கோலத்தில் தன் சைக்கிளோடு நின்றான்.

சுதுமலையில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற கிழவர் எங்களைக் கண்டதும் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஆர் மேனை?" என்று கேட்டார்.

"இணுவில், ஐயா" என்றான் பரமு.

"சிவசிவா" என்று கிழவர் தலையை ஆட்டினார். எங்களுக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. இணுவிலில் பிறந்தது அவ்வளவு பாவமா என்று மானிப்பாய்வரை சிரித்துக்கொண்டே ஓடினோம். எதிர்காற்று நெஞ்சில் அடித்தது. அப்படியொரு சந்தோசமான ஓட்டம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

ஆறு மணிக்குச் சில நிமிடம் முன்னர் சின்னம்மாவின் ஒழுங்கைக்குள் இறங்கினோம். அவ முற்றத்துக்குச் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றா. உள்ளே போகலாமோ என்ற பயத்தில் நான் வேலிப் படலைக்கு வெளியிலேயே சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன், பக்கத்தில் பரமு. சின்னம்மா நிமிர்ந்தா. முதலில் என் முகத்தைப் பார்த்தா, அது மலர்ந்ததை நான் கண்டேன். பிறகு அவவின் கண் கீழே இறங்கி வேட்டியில் நின்றது. அங்கிருந்து பரமுவின் வேட்டிக்குப் போயிற்று. வாளி கையிலிருந்து விழுந்தது.

"ஐயோ! என்ரை அக்கா!"

எங்கள் ஊர்களில் சாவு சொல்ல இரண்டு பேர் விடியற்காலையில் சைக்கிளில் போவார்கள். வெறும் மேல், வெள்ளை வேட்டி, இடுப்பில் சால்வை. படலைக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்கள். ஒழுங்கையில் நின்றபடியே சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். கோபக்காரருக்கும் சாவு சொல்லியாகவேண்டும். கதை பேச்சில்லாத வீட்டுப் படலையில் ஓர் உறவுக்காரன் அப்படி வந்து நின்றால் அதற்கு வேறு பொருள் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். செயினையும் வேர்வையையும் உப்பையும் யோசித்த மூன்று நாளில் இது ஒன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"என்னோடை ஒரு சொல்லுக் கதையாமல் போட்டியேணை! கிணறும் வேண்டாம், காணியும் வேண்டாம், எழும்பி வாணை அக்கா! மூச்சு இழுக்கேக்கை ஆரணை முதுகு தடவினது!" சின்னம்மா ஈரமுற்றத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டா. "இல்லை சின்னம்மா, அம்மா இருக்கிறா" என்று நான் கத்தினேன். அவவின் குரலுக்கு மேலால் என் குரல் எழும்பவில்லை. வேலிப் பொட்டுகளுக்குள்ளால் அயற்சனங்கள் புகுந்து ஓடிவந்தார்கள். ஒரு பெண் சின்னம்மாவைக் கட்டிப்பிடித்து அழவும் தொடங்கிவிட்டா. பரமுதான் பயத்தில் அலறினான்: "ஒருதரும் சாகேல்லை! நாங்கள் கடல் குளிக்கப் போறம்!"

கட்டிப்பிடித்து அழுதவ கையை எடுத்துக்கொண்டா. பிறகு யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒழுங்கை முழுவதும் பரவியது.

"என்ன பொன்னம்மா, உயிரோடை இருக்கிற கொக்காவுக்கோ விடியவெள்ளண ஒப்பாரி?" என்றார் ஒருவர்.

"கிணறு வேண்டாமாம்! நாங்கள் எல்லாரும் சாட்சி!" என்றா இன்னொருத்தி.

சின்னம்மா எழுந்து முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. "கொம்மாவோ உன்னை உந்தக் கோலத்திலை விட்டவ? நான் அழுவனோ எண்டு பாத்துக்கொண்டு வரச் சொல்லி?"

"இல்லை சின்னம்மா. உங்களுக்குக் காட்டத்தான் கட்டினனான்."

அது அவவின் காதில் விழுந்ததோ தெரியாது. சனத்தின் சிரிப்பு அடங்கியிருக்கவில்லை. அவ படலையைச் சாத்திக் கயிற்றைப் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனா.

கடலுக்குப் போகவில்லை. திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது, மிதிக்கவே தேவைப்படவில்லை.

அம்மாவிடம் நடந்தது முழுவதையும் சொன்னேன். சின்னம்மா அழுத சொற்களை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவை ஒன்றாவது அம்மாவை இளக்கும் என்று நம்பினேன். அம்மா அடுப்படியில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தா. முதுகு தடவியதைப் பற்றிச் சொன்னபோது கையில் இருந்த அகப்பை நின்றது.

"செத்தாப் பிறகுதானே சொன்னவள்" என்றா கடைசியில். "இருக்கேக்கை வந்து சொல்லட்டும்."

சின்னம்மா வரவில்லை. ஊர் சிரித்த பிறகு எப்படி வருவா? உயிரோடு இருக்கிறவளுக்குத் தங்கை ஒப்பாரி வைத்த கதை சந்தைகளில் ஒரு வருடம் ஓடியது, அம்மாவும் போகவில்லை. இடையில் நாலு மைல்தான். எட்டு வருடம் அப்படியே இருந்தார்கள்.

1971இல் அம்மா போனா. அன்று உண்மையாகவே இரண்டு பேர் சண்டிலிப்பாய்க்குப் போனார்கள். சின்னம்மா அவர்களைப் பார்த்து, "உண்மையோ? உண்மையோ?" என்று பலமுறை கேட்டதாக வந்து சொன்னார்கள். அவ வந்தா. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து வட்டமாக இருந்து அழுதுகொண்டிருக்க, அவ மட்டும் பந்தற்காலோடு ஒதுங்கி, வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் நின்றா. "கூடப்பிறந்தவளுக்கு அழாத கல்லு" என்று எனக்குக் கேட்கவே சொன்னார்கள். அவ அழவேண்டியதை அழுதுவிட்டா, அதற்கு நீங்கள் சிரித்தீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் கிரியையில் இருந்தேன். போகும்போது என் வெறுந்தோளைத் தொட்டு, "மெலிஞ்சு போனாய்" என்றா. அதுதான் அவ என்னோடு கதைத்த கடைசிச் சொல்.

அதற்குப் பிறகு சண்டிலிப்பாய்ப் பக்கம் சைக்கிளில் பதினொரு தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒழுங்கை வாசலில் இறங்கி என் உடுப்பைக் குனிந்து பார்ப்பேன். களிசானும் சேட்டும் போட்டிருந்தால் கந்தோர்க்காரன் வந்து நிற்பதுபோல இருக்கிறதே என்று தோன்றும். சாரமென்றால் மரியாதையில்லை. வேட்டியை நினைக்கவே முடியாது. பதினொரு தடவையும் திரும்பிவிட்டேன்.

1980ஆம் ஆண்டு ஒருநாள், இணுவில் பஸ் நிறுத்தத்தில் நின்ற சண்டிலிப்பாய்ப் புகையிலை வியாபாரி ஒருவர், "பொன்னம்மா அக்கா போய் இண்டைக்கு ஆறு நாள், உங்களைச் செத்தவீட்டிலை காணேல்லை" என்றார். எங்கள் வீட்டுக்கு எவரும் சொல்ல வந்திருக்கவில்லை. சைக்கிளை அங்கேயே ஒரு கடையில் சாத்திவிட்டு, அந்த ஒழுங்கைக்குச் சைக்கிளில் போக மனம் இல்லாமல், வாடகைக்கார் ஒன்று பிடித்துப் போனேன். சின்னம்மாவின் மகன் ரவி படலைக்கு ஓடிவந்தான்.

"ஏன்ரா தம்பி, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்றேன்.

அவன் படலையைத் திறந்துவிட்டான். "கோவிக்காதேங்கோ அண்ணை. அம்மாதான் சொன்னவ. 'நான் போனாலும் அவன்ரை படலையிலை ஆரையும் வேட்டியோடை கொண்டுபோய் நிப்பாட்டிப் போடாதேங்கோ, அவன் தாங்கமாட்டான்' எண்டு. எட்டாம் நாள் சடங்குக்குச் சொல்லுவம் எண்டிருந்தனாங்கள்."

இப்போது இணுவில் தெருவில் படலை என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் இரும்புக் கேற். கிடுகு வேலிகள் மதிலாகிவிட்டன. பொட்டுக்குள்ளால் ஓடிவர அயலும் இல்லை. சாவு தொலைபேசியில் வருகிறது, சொல்கிறவர் என்ன உடுத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சனிக்கிழமைக் காலைகளில் பொடியன்களும் பெட்டையளும் உடம்போடு ஒட்டிய நிற உடுப்புப் போட்டுக்கொண்டு கடற்பக்கம் ஓடுகிறார்கள், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, "ஆர் மேனை?" என்று கேட்பதுமில்லை. அந்த ஒழுங்கைக்குப் போன பயணங்களுக்கு நான் இன்னும் கணக்கு வைத்திருக்கிறேன். அன்று ரவி தந்த தேத்தண்ணியைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு வெளியே வந்தபோது, கார்க்காரர் காத்துநின்ற நேரத்தையும் சேர்த்துக் கேட்டது முப்பத்தைந்து ரூபா.