இடது ஓரத்தில் மாப்பிள்ளை

கல்யாணம் பேசுவதற்கு நான் ஊருக்கு அனுப்பிய முதல் படம் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று எடுத்தது. மொன்றியலில் எங்கள் வீட்டில் வெளிச்சம் ஒழுங்காக விழும் இடம் அது ஒன்றுதான். அந்தப் பெண் வீட்டார் பார்த்துவிட்டு, பெட்டி நல்ல பெரிசு என்றார்களாம். அந்தப் பேச்சு அதோடு குழம்பியது.

திருகோணமலையிலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னார்: "மகன், அங்க இப்ப மரமெல்லாம் சிவந்து கிடக்குமாமே. அதுக்கு முன்னால நிண்டு வடிவா ஒண்டு எடுத்து அனுப்பு. இப்ப பேசுற இடமும் குழம்பினா இனி நான் ஒருத்தரிட்டயும் போய்க் கதைக்க மாட்டன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். எனக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. எனக்காகப் பெண் கேட்டுப் போக அவரை விட்டால் வேறு ஆளும் இல்லை. ஆகவே என் எதிர்காலம் முழுவதும் ஒரு படத்தில் வந்து தொங்கியது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னோடு வீட்டைப் பங்குபோட்டிருந்தவன் சென்னைக்காரன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். பெயருக்குத்தான் மண்; உயிர் முழுவதும் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில். ஒரு ஞாயிறு மத்தியானம் என்னை மலைக்குக் கூட்டிப் போனான். மலை என்று இந்த ஊர்க்காரர் மரியாதைக்குச் சொல்லும் மேடு அது.

நான் ஸ்டூடியோவில் நிற்பதுபோல நடுவில், கைகளைத் தொங்கவிட்டு நின்றேன்.

"நடுவுல நிக்காதீங்கண்ணா. பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆயிடும். படத்தை மூணாப் பிரிச்சுக்கணும். நீங்க லெஃப்ட் ஓரத்துக்குப் போங்க. மிச்ச இடத்துல மரம், சிட்டி எல்லாம் வரணும்."

"கல்யாணம் எனக்குத் தம்பி, மரத்துக்கில்லை."

"கம்போசிஷன்ணா" என்றான். அந்தச் சொல்லை எதிர்த்துப் பேச என் படிப்பு போதவில்லை. போய் ஓரத்தில் நின்றேன். அன்றைக்குப் பார்த்து நகரத்தின் மேல் ஒரே மூட்டம். படத்தில் என் வலது பக்கம் முழுவதும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டதுபோல வெளிறிக் கிடந்தது. பரவாயில்லை, அதுவும் ஓர் அழகு என்றான். நானும் நம்பி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிழமை அம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "மகன், உன்ர பக்கத்தில நிண்டது ஆர்?"

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற நில அளவையாளர். மனிதர் படத்தின் மேல் அடிமட்டத்தை வைத்து அளந்திருக்கிறார். என் வலது பக்கத்தில் இன்னோர் ஆள் குழந்தையும் கையுமாக நிற்கத் தாராளமாக இடம் இருக்கிறதாம். அந்த இடம் வெளிறியிருப்பது கம்ப்யூட்டரில் ஆளை அழித்ததால்தானாம். ஒருவன் தன் படத்தில் தானே ஓரமாக நிற்க வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

"அங்க ஆக்களை அழிக்க மிஷின் இருக்காமே" என்றார் அம்மா. பெற்ற தாயின் குரலிலும் ஒரு சந்தேகம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இல்லாத பெண்சாதியை நான் எப்படி இல்லையென்று நிரூபிப்பது?

சென்னைக்காரனுக்கு என்னைவிட ரோஷம். "மூட்டம்தான் நம்மளைக் கவுத்திடுச்சு. இந்தத் தடவை பாருங்கண்ணா" என்றான். மழை பெய்து ஓயும்வரை காத்திருந்தான். மறுநாள் காலையில், காற்று குளிர்ந்து வீசும் நேரத்தில், என்னைத் தன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு இழுத்துப் போனான். வெயில் பக்கவாட்டில் விழவேண்டும், வானம் அதிகம் வரக்கூடாது என்றான். கேமராவின் வாயில் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பூட்டி, போத்தல் மூடியைப்போலத் திருகித் திருகிப் பார்த்தான். திருகத் திருகத் தூரத்து மரங்கள் தெளிந்தன. ஆனால் நடுவில் நிற்க மட்டும் விடவில்லை. அதற்குப் பதிலாக என் வலது பக்கத்தில், வேறு எவரும் நின்றிருக்கவே முடியாதபடி, ஒரு மேப்பிள் அடிமரத்தைக் கொண்டுவந்தான்.

படம் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. இலையின் நரம்பைக்கூட எண்ணலாம். எனக்கே என்னைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பதில் வந்தது. மூட்டம் போனதில் தூரத்து வாங்குப் பலகையில் ஒரு வெள்ளைக்காரி நாயோடு உட்கார்ந்திருந்தது தெரிந்துவிட்டது. அரிசியளவுதான் இருந்தாள். அளவையாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பிடித்துவிட்டார்.

"மலைப் படத்தில அழிச்சது அவவைத்தானோ எண்டு கேக்கிறார்."

"அம்மா, அது வேற இடம், இது வேற இடம்."

"அப்ப நீ போற இடமெல்லாம் அவவும் பின்னால வாறாவோ?"

அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, "நான் இதோட விட்டுட்டன் மகன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு காலை, ஊரில் பின்னேரம், நேரே பெண் வீட்டுக்கே எடுத்தேன். கல்யாணம் எப்படியும் இல்லை, அந்த மனிதரிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டாவது வைக்கலாம் என்று எண்ணம். எடுத்தது பெண்தான்.

"அப்பா கடைக்குப் போயிட்டார்."

நான் யாரென்று சொன்னேன். அவள் வைக்கவில்லை. வைக்காததால் நான் மூட்டம், கறுப்புக் கண்ணாடி, மூன்றில் ஒரு பங்கு, நாய் என்று மூச்சுவிடாமல் விளக்கத் தொடங்கினேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் அப்பா பாக்கிறது" என்றாள். "கடைசிப் படத்தில நான் உங்கட கையைத்தான் பாத்தன். விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. மருந்து ஒண்டும் போடுறதில்லையோ?"

கையைப் பார்த்தேன். நான் வேலை செய்யும் ஜான்-டலோன் சந்தையில் விடியற்காலைக் குளிரில் ஈரமான பூசணிக்காய்களை இறக்கி இறக்கி, பத்து விரலும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றாத குறையாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சென்னைக்காரனும் பார்த்தான், அம்மாவும் பார்த்தார், அளவையாளர் பூதக்கண்ணாடியே வைத்தார்.

"இல்லை" என்றேன். கண்ணீர் வந்ததை மறைக்க அங்கே எவரும் இல்லை; அழுதேன்.

"சரி, நீங்க கையைக் கவனியுங்க" என்றாள். "அப்பாவை நான் பாத்துக்கொள்ளுறன்."