திரும்பி வந்த அம்மன் பாவாடைகள்

போன புதன்கிழமை. காலை பூஜை முடித்து இன்னும் வாயில் காப்பி படவில்லை. வாசலில் கூரியர்காரர் தெலுங்கில் குரல் கொடுத்தார்.

"ரிட்டர்ன் ஒச்சிந்தம்மா!"

ஒன்று இரண்டு இல்லை... பதினாலு பார்சல் திரும்பி வந்திருந்தது. என் மனைவி பத்மா ஒவ்வொன்றாக வாங்கிக் கூடத்தில் அடுக்கினாள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

பத்மா முப்பது வருஷமாகத் தெலுங்கு ஊரான இந்தப் போலாரத்தில் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். போன வருஷம் வரலட்சுமி நோன்புக்கு, எங்கள் வீட்டுக் கலசத்து அம்மனுக்குப் பட்டுத் துணியில் கொசுவம் வைத்து ஒரு பாவாடை தைத்தாள். எடுத்துக் கட்டினால் போதும், அலங்காரம் முடிந்தது. தாம்பூலம் வாங்க வந்த தெலுங்குப் பெண்கள் எல்லாம், "ஆன்ட்டி, எங்களுக்கும் ஒண்ணு" என்றார்கள். அன்றுதான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. ஆன்லைனில் விற்கலாமே! கடைக்குப் பெயரும் வைத்தாயிற்று — 'பத்மா அலங்காரம்'. ரேஷன் கார்டுக்கும் பாஸ்புக்குக்கும் வெளியே அவள் பெயரை எழுத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சரி, எந்தத் தளத்தில் கடை போடுவது?

மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் மகள் சுமதி, மூன்று தளங்களைப் பற்றி விவரமாக எழுதி அனுப்பினாள். ஒன்றில் கமிஷன் அதிகம். இன்னொன்றில் கமிஷன் குறைவு, கூட்டம் அதிகம். ஆனால் வாங்கியவர் ஏழு நாளைக்குள் எதைச் சொல்லி வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம். மூன்றாவதில் எல்லாம் நம் கையில் — வாங்குகிற ஆளையும் நாமே தேட வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். அரைப் பக்கத்திலேயே தலை சுற்றிவிட்டது. எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதுவானாலும் ஒரே வழக்கம்தான், முருகன் படத்துக்கு முன்னால் சீட்டுப் போடுவது. சுமதிக்கு எந்தக் காலேஜ், எந்த மாப்பிள்ளை... எல்லாம் சீட்டுதான். இதற்கும் மூன்று சீட்டு எழுதி, மடித்து, தட்டில் குலுக்கினேன். பத்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். அந்தக் கமிஷன் குறைந்த தளம்!

"முருகனே சொல்லிட்டான்மா" என்று சுமதிக்குப் போன் போட்டேன்.

"முருகனுக்கு ரிட்டர்ன் பாலிசி தெரியுமாப்பா? எதுக்கு இந்த அவசரம்? நான் அனுப்பினதை முழுசாப் படிச்சீங்களா, இல்லையா?"

"சாமியக் கிண்டல் பண்ணாத."

"சாமிய யாரு பண்ணா? உங்களத்தான் பண்றேன்."

போனை வைத்துவிட்டேன்.

ஆர்டர் வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. இந்த வருஷ நோன்புக்கு முந்தின மூன்று வாரமும் பத்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு காலும் வீங்கிவிட்டது. "ஏங்க, விஜயவாடாவுலருந்துகூடக் கேட்டிருக்காங்க!" என்று வீங்கின காலோடு வந்து சொல்வாள். ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்னக் குங்குமப் பொட்டலம் வைத்துத்தான் ஒட்டுவாள். யாரும் கேட்கவில்லை. அவளுக்கு மனசு கேட்காது.

நோன்பு முடிந்தது. பார்சல்கள் திரும்பின.

பிரித்துப் பார்த்தோம். முதல் பாவாடையின் இடுப்பில் மஞ்சள் கறை. அடுத்ததில் சாம்பிராணி வாசனை. இன்னொன்றின் கொசுவத்துக்குள் இரண்டு அட்சதை ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்பி அனுப்பக் காரணம்? பாதிப் பேர் 'அளவு சரியில்லை' என்று போட்டிருந்தார்கள். இழுத்துக் கட்டினால் சொம்புக்கும் நிற்கும், குடத்துக்கும் நிற்கும். அதற்கு என்ன அளவு?

அம்மனுக்கு உடுத்தி, வரம் கேட்டு, மறுநாள் களைந்து, கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இவர்களும் சாமி கும்பிடுகிறவர்கள்தானே... எப்படி மனசு வந்தது?

சாயங்காலம் சுமதி வந்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். "விடும்மா. கறை இல்லாததை அயர்ன் பண்ணிப் புதுக் கவர்ல போட்டுடலாம். எல்லாரும் அதான் பண்றாங்க."

"நக்கோ! வேண்டவே வேண்டாம்!" என்றாள் பத்மா. கோபம் வந்தால்தான் அவளுக்கு இந்த ஊர் வார்த்தை வரும். "ஒரு அம்மன் கட்டிக் களைஞ்சத இன்னொரு வீட்டு அம்மனுக்குப் புதுசுன்னு குடுக்கச் சொல்றியா? அப்புறம் அவங்களுக்கும் எனக்கும் என்னடி வித்தியாசம்?"

சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன். மூன்று வழியையும் நன்றாக விசாரித்து, மூன்றும் சமமாகத் தெரிந்தால் சாமியிடம் கேட்கலாம். விசாரிக்கவே அலுப்புப்பட்டுக்கொண்டு சீட்டுப் போட்டால் அதற்குப் பக்தி என்றா பெயர்? சோம்பல் என்னுடையது. வீங்கினது அவள் கால்.

வியாழக்கிழமை அந்தத் தளத்திலிருந்து தகவல் வந்தது. ரிட்டர்ன் அதிகமாகிவிட்டதாம். இனி ஒரு ஆர்டரை அனுப்பாமல் விட்டாலும் கடையை எடுத்துவிடுவார்களாம்.

வெள்ளிக்கிழமை ஒரு ஆர்டர். பச்சைப் பாவாடை, மறுநாளே அனுப்ப வேண்டும். வீட்டில் பச்சைத் துணி தீர்ந்துபோயிருந்தது. திரும்பி வந்ததில் ஒரு பச்சை இருந்தது. கறை இல்லை, வாசனை இல்லை. கட்டினதா, கட்டாததா? யாருக்குத் தெரியும்? பத்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். மடித்து வைத்தாள்.

"கேன்சல் பண்ணிடுங்க."

"கடை போயிடும் பத்மா."

"தெரியும். பண்ணுங்க."

கேன்சல் பட்டனை அழுத்தினேன். என்ன காரணம் என்று கேட்டது. அதில் கொடுத்திருந்த நாலைந்து காரணங்களில் எங்கள் காரணம் இல்லை. வேறு வழியில்லாமல் 'ஸ்டாக் இல்லை' என்று போட்டேன்.

அந்தக் கடையில் நாங்கள் சொன்ன ஒரே பொய் அதுதான்.