மீன் பிடித்து வரச் சொன்ன சாட்பாட்

ஆபீஸில் என்னை ஜோக்கர் என்பார்கள். நானும் அதை ஒரு பட்டமாகவே சுமந்து திரிந்தேன்.

தாம்பரத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸின் சாட் குரூப்பில், லீவு கேட்டால் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றை இணைக்கும் வேலை எனக்கு வந்தது. சோதனையின்போது நண்பன் கார்த்தியைச் சிரிக்க வைக்க, அதன் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். மழை என்று யாராவது லீவு கேட்டால், "திரும்பவும் மழையா? வரும்போது மீன் பிடிச்சுட்டு வாங்க!" என்று பதில் போகும். அதை நீக்க மறந்து, எல்லோரும் இருக்கும் குரூப்பில் அப்படியே இணைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அடைமழை. முடிச்சூரில் இருக்கும் மீனா அக்கா காலையில் எழுதினார்: "மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. படுக்கையில இருக்கற அப்பாவை மாடிக்குத் தூக்கணும். லீவு வேணும்."

அடுத்த நொடி, ஆபீஸே பார்க்க, என் மீன் ஜோக் வந்து விழுந்தது. பதறியடித்து அழித்தேன். அதற்குள் அக்கா படித்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவர் வந்ததும், மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அக்கா, அந்த சாட்பாட் சொன்னது..."

"விடுப்பா, மெஷினுக்கு என்ன தெரியும்? மனுஷன் யாராவது சொல்லியிருந்தா தாங்கியிருக்க மாட்டேன்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க்கா, அதுக்கு அறிவே கிடையாது" என்று வந்தது.

அக்கா சிரித்தார். இன்றுவரை நான் சொல்லவில்லை. அவரும் அதற்குப் பிறகு லீவுக்குக் காரணம் எழுதுவதில்லை. எப்போதும் 'சொந்த வேலை' என்று மட்டும்தான் எழுதுகிறார்.