வீட்டுக்கு ஒரு மாடு

என் தம்பிக்கு இன்றைக்கும் பால் ஆகாது. எழுபதைத் தாண்டியாயிற்று, இன்னும் வரக்காப்பிதான். கல்யாண வீட்டில் பாயசம் வந்தால் இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவான். "இன்னா அண்ணி, ஒங்க தம்பிய இப்படி வளத்து வெச்சிருக்கீங்க" என்று அவன் மனைவி என்னைக் கேலி செய்வாள். நான் வெற்றிலையை மென்றபடி பேச்சை மாற்றிவிடுவேன். வாயாடி என்று மூன்று ஊரில் பேர் வாங்கிய நான் வாயை மூடிக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கரிக்கலாம்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் ஊர், பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எங்கள் கரும்புக் கொல்லையைத் தாண்டி ஒரு வாய்க்கால் ஓடும். இந்தக் கரை பிரெஞ்சு எல்லை, அந்தக் கரை இங்கிலீஷ் எல்லை. அங்கே கடன் பட்டவன் இங்கே ஓடிவந்து மீசையை முறுக்குவான். இங்கே பட்டவன் தட்டுமுட்டுச் சாமானோடு அங்கே போய்க் குந்திக்கொள்வான். இந்த எல்லை அதிகாரி அந்த எல்லையில் கால் வைத்து எதையும் தொட முடியாது. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

வெல்லம் விலை படுத்துவிட்ட காலம். கிணறு வெட்ட வாங்கியது, ஆலை வைக்க வாங்கியது, அதற்கெல்லாம் வட்டி கட்ட வாங்கியது என்று அப்பாவுக்கு ஐந்து பேரிடம் கடன். அதில் பெரிய கடன் வில்லியனூர் வட்டிக்கடைக்காரரிடம். தவணை ஒழுங்காகப் போனவரை "வாங்க, குந்துங்க" என்றவர், இரண்டு தவணை தவறியதும் "இன்னாய்யா, எப்பத் தர்ற?" என்று இறங்கிவிட்டார்.

அம்மாவின் அக்கா இங்கிலீஷ் எல்லையில் வாழ்க்கைப்பட்டவள். "மாடு கன்னு, அண்டா குண்டா எல்லாத்தையும் இங்க கொண்டாந்துடுங்க. அவனுங்க வந்து எதப் புடுங்குவானுங்க, பாக்கலாம்" என்று பெரியம்மா சொல்லி அனுப்பினாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினைந்து நாள் அலைந்து, ஐந்து பேரையும் ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வைத்தார். குடியிருக்கும் கூரை வீடு போக, உள்ளது அத்தனையையும் அவர்கள் முன்னால் வைத்துவிடுவது. அவர்கள் அதை விற்றுப் பங்கிட்டுக்கொண்டு மிச்சக் கடனை விட்டுவிடுவது. அதன் பிறகு யாரும் அப்பாவை ஒரு காசு கேட்பதற்கில்லை. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். பத்திரம் எழுதி முத்திரை குத்தும் அதிகாரியை அங்கே நொத்தேர் என்பார்கள். அவரே புதுச்சேரியிலிருந்து வந்து எழுதுவதாக ஏற்பாடு.

அம்மா அழுதாள். "மஞ்சக் கடுதாசி குடுத்தவன் பொண்ணுன்னு சொல்வாங்களே. நாளைக்கி இவள எவன் கட்டுவான்?"

"மஞ்சக் கடுதாசி குடுத்தவன் மூஞ்சிய மறைச்சிக்கினு போவான். நான் எல்லாத்தையும் முன்னால வெச்சி, மூஞ்சியப் பாத்து முடிச்சிக்கப் போறன்" என்றார் அப்பா. அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கும் விளங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சட்டப்படி எங்களுக்கென்று விட்டுவைக்க வேண்டியவை சில உண்டாம். படுக்கை, சமைக்கிற பாத்திரம், உடுத்திய துணி, ஒரு மாடு. எந்த மாடு என்பதை அப்பாவே சொல்லலாம். எங்களிடம் உழவு மாடு ஒரு ஜோடி, கன்றோடு ஒரு மயிலைப் பசு, ஒரு செவலைக் கிடேரி. மயிலை வீட்டுக்கு என்பது பேசாமலே முடிவான சங்கதி. தம்பி அப்போது நாலு மாதக் கைக்குழந்தை. பிரசவ ஜுரத்தில் அம்மாவுக்குப் பால் வற்றிப்போய், மயிலையின் பாலைச் சங்கில் புகட்டித்தான் அவனை வைத்திருந்தார்கள்.

அப்படியென்றால் செவலை போய்விடும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. செவலை நான் வளர்த்தது. இன்னும் மூக்குக்கூடக் குத்தவில்லை. என் சடையைச் சப்பிச் சப்பி நார் ஆக்கிவிடும், என் குரல் கேட்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். அதைப் போய் அந்த வட்டிக்கடைக்காரர் ஓட்டிக்கொண்டு போவதாவது!

நொத்தேர் வருவதாக இருந்த அன்று விடிகாலையில், அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது நான் பின்பக்கமாகச் செவலையை அவிழ்த்தேன். கொல்லை வழியே நடத்தி, வாய்க்காலில் இறக்கி, அக்கரை ஏற்றி, பெரியம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டிவிட்டேன். பெரியம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "ஒங்கப்பனுக்கு இல்லாத புத்தி ஒனக்கு இருக்குதுடி!" நான் திரும்பி வந்து ஒன்றும் அறியாத பூனையாகக் கூழ் குடித்தேன்.

காலை வெயில் ஏறியதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். அடுப்பு அணைந்து மாதக்கணக்கான ஆலைக் கொட்டகையில் கயிற்றுக் கட்டில்களைப் போட்டு உட்கார்ந்தார்கள். நொத்தேர் கோட்டுப் போட்ட தமிழர். அவர் முதலில் பத்திரத்தைப் படித்துத் தமிழில் விளக்கம் சொன்னார். "சொத்தில் எதையாவது மறைத்தது தெரிந்தால் இந்த ஏற்பாடு செல்லாது. பிறகு கோர்ட்டுதான். வீடும் உட்பட."

நான் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வீடும் உட்பட என்றாரே!

ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார்கள். கரும்புக் கொல்லை, கிணறு, வெல்லம் காய்ச்சும் கொப்பரை, ஆலை, வண்டி, ஏர். அம்மா யாரும் கேட்பதற்கு முன்பே கம்மலைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். அவர் குரல் சரியாகத்தான் இருந்தது. நான் மட்டும் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு, மாடு எழுதும் முறை வரவே கூடாது என்று எங்கள் ஐயனாரை வேண்டிக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது.

"நீ குடுத்த பட்டியல்ல கிடேரி ஒண்ணு இருக்குதே. எங்க அது?" என்றார் வட்டிக்கடைக்காரர்.

அப்பா கொட்டிலைப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"கட்டியிருந்தன். கயிறு அவுத்துக்கிச்சோ இன்னாவோ."

"அவுத்துக்கிச்சா, எல்லை தாண்டிடுச்சா?" வட்டிக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "கிடேரி போன வழியில இன்னும் எதெது போச்சோ! நல்லவன் மாதிரி பேசி எங்களக் கூட்டியாந்து வெச்சி, இன்னாய்யா நாடகம் ஆடுற?"

மற்ற நாலு பேரும் முணுமுணுத்தார்கள். அவர்களில் ஒருவரான எண்ணெய்ச் செக்குக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நொத்தேர் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. "முசியே, கொஞ்சம் இருங்க" என்று நொத்தேரைப் பிரெஞ்சு மரியாதையோடு நிறுத்திய அப்பா வீட்டுப் பக்கம் திரும்பினார். அம்மா தலையை ஆட்டினாள், அவளுக்குத் தெரியாது. பிறகு அவர் பார்வை என் பாவாடையில் வந்து நின்றது. முழங்கால் வரை காய்ந்த வாய்க்கால் சேறு. ஓரமெல்லாம் நாயுருவி முள்.

"எங்கடி?" என்றார். அதட்டவில்லை.

"சொல்ல மாட்டன்."

"பெரியம்மா வூட்டுலயா?"

"நான் ஓட்டியார மாட்டன். அவங்க கொண்டும்பூடுவாங்க!" என்று கூச்சல் போட்டு அழுதேன். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால், அப்பா வட்டிக்கடைக்காரரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். "ஒரு நாழி பொறுங்க ஐயா. கொழந்த தெரியாம செஞ்சிடுச்சி. ஒரு நாழி." எங்கள் அப்பா கோயிலில் தவிர எங்கும் கைகூப்பி நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே ஓடினேன்.

பெரியம்மா கயிற்றை விடவில்லை. "பைத்தியக்காரி! எல்லை தாண்டி வந்ததக் கேக்க அவன் யாரு? ஓடிப்போச்சின்னு சொல்லு. மாடு இங்கியே இருக்கட்டும், நீ தெனம் வந்து பாத்துக்க."

தினம் வந்து பார்த்துக்கொள்ளலாம்! செவலை என் சடையைத் தேடி மூக்கை நீட்டியது. ஆசை இல்லாமலா? ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன் என்பதை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்தக் கூப்பிய கை கண்ணிலேயே நின்றது. பெரியம்மாவின் கையைக் கடித்துக் கயிற்றைப் பிடுங்கினேன். அவள் திட்டிய திட்டு வாய்க்கால் வரை வந்தது.

வாய்க்கால் கரையில் செவலை மக்கர் செய்தது. கெஞ்சினேன், கொஞ்சினேன். நகரவில்லை. நாழி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பிறந்ததிலிருந்து ஒரு அடி அடித்திராத அந்த மாட்டின் வாலை முறுக்கினேன். அது ஒரு தரம் கத்திவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தது. நான் பின்னால் போய், வாலைப் பிடித்தபடியே கரை ஏறினேன்.

அவர்கள் இன்னும் இருந்தார்கள், ஆனால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் கயிற்றை அப்பா கையில் கொடுத்தேன்.

வட்டிக்கடைக்காரர் மாட்டைப் பார்க்கவே இல்லை. "மாடு வந்திடுச்சி, சரி. போன நம்பிக்கை எங்க வரும்? கொழந்த தானா செஞ்சிதா, சொல்லிக் குடுத்து செஞ்சிதா, யாருக்குத் தெரியும்? நான் கையெழுத்துப் போட மாட்டன்யா. கோர்ட்டுல பாத்துக்கலாம்."

வீட்டுக்குள் தம்பி அழ ஆரம்பித்தான். அவனுக்குப் பால் வேளை. அப்பா கொட்டிலில் நின்ற மயிலையைப் பார்த்தார். செவலை என் தோளில் மூக்கைத் தேய்த்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினேன்.

"மயிலைய எடுத்துக்குங்க. கன்னோட" என்றார் அப்பா. "ரெண்டு வேளையும் கறக்குது. கிடேரி வூட்டுக்கு நிக்கட்டும்."

அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நொத்தேர் தலையை உயர்த்தினார். "யோசித்துச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு. எந்த மாடு என்பது உங்கள் இஷ்டம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

"எழுதுங்க முசியே. நான் எதையும் மறைக்கலன்னு அவங்களுக்குத் தெரியணும்."

வட்டிக்கடைக்காரர் போய் மயிலையின் மடியைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்தார். முதல் கையெழுத்து அவருடையதுதான். மற்ற நாலு பேரும் வரிசையாகப் போட்டார்கள். நொத்தேர் முத்திரை குத்தினார். அன்றோடு அப்பா யாருக்கும் ஒரு காசுகூடக் கடன்பட்டவர் இல்லை.

நான் குதித்தேன் பாருங்கள், அப்படி ஒரு குதி! செவலைக்குச் சாமந்திப்பூ கட்டி, பானையில் ஒட்டிக்கொண்டிருந்த வெல்லத்தைச் சுரண்டி ஊட்டினேன். அது கன்று போட்டுப் பால் கறக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்கிற கணக்கெல்லாம் எனக்கு எதற்கு? அக்கம்பக்கத்தில் அரைக்கால் படி பால் கிடைத்த நாள் போக, மற்ற நாளெல்லாம் அம்மா தம்பிக்குக் கஞ்சித் தண்ணீரைச் சங்கில் புகட்டினாள். அவன் துப்பினான். குச்சி குச்சியாகக் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு விடிய விடிய அழுதான். "இவன் ஏம்மா சும்மா சும்மா கத்துறான்? தூங்கவே முடியல" என்று நான்தான் சலித்துக்கொண்டேன். அம்மா சங்கை மறுபடி அவன் வாயில் வைத்தாள்.

என் அழுகைக்கு மனமிரங்கித்தான் அப்பா மயிலையைக் கொடுத்துவிட்டுச் செவலையை நிறுத்தினார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா முன்னாலேயே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.