தாய்மாமன் சட்டையில் ஒரு மாங்காய்

மயிலாப்பூர் நடைபாதையில், சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நிற்கிறேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து வந்திருக்கிறேன். மண்டப வாசலில் இறங்கும்போது ஆட்டோக் கம்பி மாட்டி, பட்டுச் சட்டை இடது தோளில் கிழிந்துவிட்டது.

அங்கே மிஷின் போட்டிருக்கும் தையல்கார அக்கா, கிழிசலை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கி, மிதித்தபடியே துணியை முன்னும் பின்னும் ஆட்டுகிறார். ஓட்டை நூலால் அடைபடுகிறது. ஆனால் தோளில் பல்லி ஒட்டியதுபோல் தெரிகிறது.

"கல்யாணம் உனக்கா?"

"இல்லக்கா, நான் தாய்மாமன்."

"அப்ப உன்ன யாரு பாக்கப் போறா?"

"மேடையில நிக்கணுமேக்கா. வீடியோ எடுப்பாங்கல்ல."

சிரித்துக்கொண்டே பச்சை நூலைக் கோத்து, பல்லியின் மேல் மாங்காய் டிசைன் ஒன்றைப் போடுகிறார். கொள்ளை அழகு. சட்டையை மாட்டிக்கொண்டு, பையிலிருந்த ஜரிகைத் துண்டை எடுத்து வழக்கம்போல் இடது தோளில் போடுகிறேன். மாங்காய் மறைந்துபோகிறது.

அக்கா என்னையே பார்க்கிறார்.

"பையில துண்ட வெச்சிக்கினு தான் இந்தப் பாடு படுத்தினியா?"

அசடு வழிகிறேன். அவரே எழுந்து, துண்டை உருவி வலது தோளில் போடுகிறார்.

"வீடியோ முடியற வரிக்கும் இங்கதான் கெடக்கணும், சொல்லிட்டேன்."