வண்டிக்கு நல்ல தண்ணீர்

மகள் ஊட்டியிலிருந்து போன் செய்தபோது ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னாள். "அப்பா, வெறும் தண்ணிய ஊத்திக்கிட்டு வந்துராதீங்க. காலையில இங்க புல்லெல்லாம் வெள்ளையா ஒறஞ்சு கெடக்குது. ராத்திரி வெளிய நிக்கற வண்டியில தண்ணி ஒறஞ்சா இஞ்சினே வெடிச்சிருமாம்."

பாப்பாரப்பட்டியில் மார்கழிக் குளிர் என்றால் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற அளவுக்குத்தான். தண்ணீர் உறைந்து நான் பார்த்ததெல்லாம் ஃபிரிட்ஜில். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு மகள் பாடம் நடத்துகிறாளே என்று எரிச்சல் வந்தது. எனக்கு எரிச்சல் சுலபமாக வரும்.

எங்கள் வண்டிக்கு இருபத்திரண்டு வயது. அதை விற்றுவிடச் சொல்லாதவர்கள் கிடையாது. ஆனால் என் மனைவியால் பஸ் ஏற முடியாது. இடுப்பும் முழங்காலும் மடங்காது, கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது. முன் சீட்டைச் சாய்த்துப் போட்டால் இந்த வண்டியில் மட்டும் எப்படியோ உட்கார்ந்து வருவாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். குனிய முடியாத தாய் என்ன பிரசவம் பார்ப்பாள் என்று மகள் ஊட்டியில் மாப்பிள்ளை வீட்டிலேயே இருந்துகொண்டாள். பிறந்திருக்கிற பேரப்பிள்ளையை ஒரு தடவை மடியில் வைத்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் மனைவி கேட்டது. வண்டி ஊட்டி ஏறி, குளிரில் நின்று, திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் அதுவும் கிடையாது.

இவளுக்கு வந்தது தண்ணீரால் வந்தது என்று தர்மபுரி டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதைக் குடித்துக்கொண்டே இருந்தால் பல்லில் கறை ஏறும், போகப் போக எலும்பு இறுகும். ஆனால் வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வர ஆரம்பித்து வருடக்கணக்காகிறது. நாலு நாளைக்கு ஒரு முறை விடுவார்கள், மூன்று குடம் பிடிக்கலாம். குடிக்க, சமைக்க அது. குளிக்க, துவைக்க தொட்டியில் ஏற்றி வைக்கிற போர் தண்ணீர். ஒரே வீடு, ஒரே தண்ணீர், எனக்கு ஒன்றும் இல்லை, இவளுக்கு மட்டும் ஏன் என்று யோசித்தேன். அவள் பிறந்த ஊர் பென்னாகரம் பக்கம். அங்கே சின்ன வயதில் குடித்ததுதான் இப்போது வேலையைக் காட்டுகிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். "உங்க ஊரு தண்ணி லட்சணம் அப்படி," என்று அவள் அண்ணன் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன்.

மெக்கானிக் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார். என் வயதுக்காரர். ஊட்டி என்றதும், "அப்ப தண்ணி ஒறையாம இருக்க கூலன்ட் ஊத்தியே ஆகணும் சார்," என்றார். பச்சை ஒரு கேன், ஆரஞ்சு ஒரு கேன் எடுத்து வைத்தார். விலை அதிகமான ஆரஞ்சைக் காட்டி அதையே ஊற்றச் சொன்னேன். நல்லது என்றால் விலை கூட இருக்கும் என்பது என் கணக்கு.

"அது புது வண்டிக்குங்க. உங்க ரேடியேட்டர் பித்தளை. அதுக்கு இந்தப் பச்சதான் சரி. ரெண்டையும் கலந்துறக் கூடாது, கூழாட்டம் கட்டிக்கும்."

"சரி, பச்சையவே முழுசா ஊத்துங்க. தண்ணியே வேண்டாம்."

"தனியா ஊத்துனா அதுவும் சீக்கிரம் ஒறஞ்சிரும் சார், சூட்டையும் இழுக்காது. பாதிக்குப் பாதி. நம்மூருக்குன்னா மூணு பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு இது போதும். ஊட்டிக்குப் பாதி. அதுவும் பேட்டரிக்கு ஊத்தற தண்ணி, குழாத் தண்ணி ஆகாது."

பழைய தண்ணீரை வடித்துவிட்டு, ரேடியேட்டரைக் கழற்றி மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், இதுக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க? இந்தப் பக்கம் எந்த வண்டியத் தொறந்தாலும் சுண்ணாம்பு அடிச்சாப்புல இருக்கும். கம்பி விட்டுக் குத்தி எடுப்பேன். இதுல துருதான் கொஞ்சம் இருக்குது. வெள்ளையே படியல பாருங்க. ஒகேனக்கல் தண்ணியா?"

"ஆமா," என்றேன்.

"அத வண்டிக்கு ஊத்திட்டு வூட்டுல என்ன குடிச்சீங்க?" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத் தொப்பூர் ஞாபகம் வந்தது.

பல வருடங்களுக்கு முன், சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது தொப்பூர் மேட்டில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பின்னால் லாரி வரிசை, ஹாரன் சத்தம். வண்டிக்குள் சொந்தக்காரர்கள். வண்டித் தண்ணீர்க் கேனில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தது இவள். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது அதனால்தான் என்று வேறொரு மெக்கானிக் அடுத்த நாள் அடைப்பைக் குத்தி எடுத்தபோதுதான் சொன்னார். நான் அதற்கு முன்பே ரோட்டோரத்தில், எல்லோர் முன்னாலும், "குடிக்கற தண்ணிய வண்டிக்கு ஊத்துடி. நீ எதக் குடிச்சா என்ன, வண்டிக்கு நல்ல தண்ணி வேணும்," என்று கத்திவிட்டேன். கோபத்தில் வருகிற பேச்சு. வீடு வந்து சேர்வதற்குள் மறந்தும் போனேன்.

அதற்குப் பிறகு கேன் எப்போதும் நிறைந்தே இருந்தது. பழைய வண்டி, வாரா வாரம் தண்ணீர் குடிக்கும். போர் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழுகிறது என்று கண்ணாடிக்கும் அந்தக் கேனிலிருந்தே ஊற்றித் துடைப்பேன். மூன்று குடத்தில் அது எத்தனை பங்கு என்று கணக்கு வாத்தியார் ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. தலைக்குக் கீழே வைத்துத் தூங்கிய கை மரத்துப் போயிருக்குமே, நெஞ்சுக்குள் அப்படித்தான் இருந்தது. கை என்னுடையதுதான் என்று தெரிகிறது, கிள்ளினால் தெரியவில்லை.

வாசலில் குழாயடியில் கேனை நிரப்பி வைத்திருந்தாள். அன்றைக்குத் தண்ணீர் விடும் நாள்.

"வழியில வேணுமில்லீங்க," என்றாள்.

"இனிமே வண்டிக்கு வேண்டாம். வேற ஊத்தியாச்சு." கேனின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நீ எந்தத் தண்ணி குடிக்கற?" என்று கேட்டேன்.

"ஏங்க?"

"சொல்லு."

"எதாச்சும். நீங்களும் புள்ளையும் குடிச்சு, சோறாக்கி, வண்டிக்குப் போக மிச்சமிருந்தா அது. இல்லாட்டி தொட்டித் தண்ணி. இப்ப எதுக்குங்க அது? பாப்பாவுக்குத் துணி எடுத்து வெக்கோணும்." குற்றம் சொல்கிற குரலே இல்லை. குற்றம் சொல்லியிருந்தால் எனக்குப் பதிலுக்குக் கத்தவாவது தெரியும்.

உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்து வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதில்லை, அண்ணாந்துதான் குடிப்போம். அவளால் அண்ணாந்து பார்க்கவே முடியாது. அவள் உதட்டை வைத்து உறிஞ்சித்தான் குடிக்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எத்தனை நாளாக அப்படி என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"சப்புன்னு இருக்குதுங்க," என்று டம்ளரை என்னிடமே கொடுத்துவிட்டாள். "எனக்கு நம்ம தொட்டித் தண்ணிதான் ருசி."