ஆரோக்கியமேரி கூரையேறிய மதியம்

ஆரோக்கியமேரிக்கு உயரம் என்றாலே ஆகாது. எளாவூர் செக்போஸ்ட் லாரிகளுக்கு நடுவே ஓடி விளையாடி வளர்ந்தவள்தான். ஆனாலும் பெரியபாளையத்து ஆடித் திருவிழாவில் தோழிகளோடு ராட்டினத்தில் உட்கார்ந்து, அது கிளம்பும் முன்பே இறங்கி ஓடியவள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். அங்கேயும் மேல்தட்டுப் பெட்டியை அடுத்தவளைத்தான் எடுக்கச் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் நாற்பது வயதுக்கு மேல் கூரையேறினாள் என்றால் வீரம் பொங்கி வழிந்து அல்ல. வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

வாடகை வீடு, சிமென்ட் ஷீட் கூரை. சுற்றியுள்ள கம்பெனிகளின் கரித்தூள் மேலே படிந்துகொண்டே இருந்தது. பக்கத்துப் புங்கமரம் வெயிலை அண்டவிடவில்லை. பாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு மழைக்காலத்தில் தலையணை கனத்துக்கு வளர்ந்து, ஷீட்டின் பள்ளங்களை அடைத்துக்கொண்டது. ஓட வழியில்லாத மழைத்தண்ணீர் ஷீட்டுகள் சேரும் இடத்தில் உள்ளே இறங்கியது. இறங்கிய இடமும் பார்த்து வைத்த மாதிரி கரண்ட் மெயின் பாக்ஸ் மேல். போன மழையில் சுவரைத் தொட்டவளுக்குக் கை சுரீரென்றது. அன்றிலிருந்து தூறல் விழுந்தாலே அவள் அந்தச் சுவர்ப் பக்கம் போகமாட்டாள்.

வீட்டுக்காரர் துளசிராமன் திருவள்ளூரில் இருந்தபடியே ஆள் அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று காலத்தை ஓட்டினார். ஒருவழியாக வந்த ஆளும் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்ததோடு சரி. போல்ட்டே தெரியவில்லை, நான் பிள்ளைகுட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அவன் பயந்ததன் காரணம் மேரியின் கணவன் அன்புசெல்வனுக்குத் தெரியும். சிமென்ட் ஷீட் ஆளைத் தாங்காது. அடியில் குறுக்கே ஓடும் இரும்புக் குழாய்தான் தாங்கும். குழாய் எங்கே ஓடுகிறது என்பதை மேலிருந்து காட்டிக்கொடுப்பது போல்ட்டு வரிசை மட்டுமே. ஷீட் வேலைக்காரர்கள் அந்த வரிசை மேல்தான் கால் வைப்பார்கள். அன்புசெல்வனும் அப்படித்தான் பல வருஷம் நடந்தான். போன வருஷம் ஒரு கம்பெனி ஷெட்டில், பாசி மூடிய இடத்தில் தப்பாக வைத்த ஓர் அடியில் ஷீட்டோடு கீழே போனான். இடுப்பு எலும்பு நொறுங்கி, இப்போது ஊன்றுகோலோடு வீட்டில் இருக்கிறான்.

மறுநாள் புயல் கரையைக் கடக்கும் என்று செய்தி வந்தது. நானே ஏறிப் பாசியை வழிக்கிறேன் என்று அவன் ஏணியைப் பிடித்தான். மேரி பிடுங்கிக்கொண்டாள். வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் அவன்தான் விட்டுக்கொடுத்தான். மெயினை அணைத்துவிட்டுச் சொன்னான்:

“நான் உள்ள நின்னுகினு கொம்பால கொழாய தட்டிக்கினே வர்றேன். சத்தம் கேக்கற எடத்துலதான் கால வைக்கணும். சத்தம் நின்னா நீயும் நின்னுடு மேரி.”

அவள் தோசைத் திருப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். மேலே போல்ட்டும் இல்லை, வரிசையும் இல்லை, எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை. பக்கத்து உருக்காலை இரைச்சலுக்குள்ளிருந்து காலுக்கடியில் டொக், டொக் என்று கேட்டது. மாதாவே என்று பாதத்தை வைத்தாள். கூரை தாங்கியது. அடுத்த டொக்குக்கு அடுத்த பாதம். பாசி வழுக்கும்போதெல்லாம் குனிந்து ஷீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மெயின் பாக்ஸுக்கு நேர் மேலே உட்கார்ந்து, கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோகாமல் வழித்தாள். கீழே வீசக் கை நீட்டவும் பயமாக இருந்ததால், வழித்த பாசியைப் பக்கத்திலேயே குவித்தாள். ஈரப்பாசி எத்தனை கனம் என்று அவள் யோசிக்கவில்லை. பள்ளங்கள் துலங்கின. அப்பாடா என்று திரும்ப எழுந்தபோது சத்தம் நின்றுவிட்டது.

நின்றாள். உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது.

“ஏய்யா” என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். உருக்காலை இரைந்துகொண்டிருந்தது. ஊன்றுகோல் வழுக்கி, அதே இடுப்பில் அடிபட்டு விழுந்து கிடக்கிறான் என்று நினைத்ததும் மேரிக்கு எல்லாம் மறந்துபோனது. ஏணியை நோக்கி ஓட இரண்டாவது அடி வைத்தாள்.

படாரென்றது. வலது கால் முழங்கால் வரை ஷீட்டுக்குள் போனது. குப்புற விழுந்தவளின் மார்புக்கடியில், நல்லவேளை, குழாய் இருந்தது. காலை மெல்ல உருவினாள். ரத்தம் வழிந்தது. மூச்சுவிடவும் பயந்து, கால் போன ஓட்டை வழியே உள்ளே பார்த்தாள்.

தடாலென்று விழுந்தது நாற்காலிதான், கவிழ்ந்து கிடந்தது. ஊன்றுகோலும் கொம்பும் ஒரு மூலையில் கிடந்தன. அன்புசெல்வன் விழவில்லை. ஓட்டைக்கு நேர் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றான். அவன் முகமெல்லாம் ஷீட் தூளும் பாசியுமாக இருந்தது.

“பாசி கனத்துல ஷீட்டு வளைஞ்சிகினே போச்சி. அதான் தட்டறத நிறுத்திட்டு கத்துனேன், உனுக்கு கேக்கல.”

“நீ உழுந்துட்டன்னு நெனைச்சேன்யா” என்றாள். மேலே நீண்ட அந்தக் கைகளைப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். “நிக்கவே முடியாத ஆளு, நீ என்ன புடிச்சிடுவியா?”

“புடிக்க முடியாது, தெரியும்” என்றான் அவன், கையை இறக்காமல். “நான் உழுந்தப்ப கீழ வெறும் தரை மேரி.”